பயிற்சிச் செய்தி உங்கள் மகளுக்கு ஏன் வந்து சேர்வதில்லை?

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயம் இருக்கிறது அம்மா. டி.டி.எட். என்ற தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயம் முடித்துவிட்டுத் தனியார் நர்சரிப் பள்ளியில் எல்.கே.ஜி. எடுக்கும் மகளை, 45,000 ரூபாய் கட்டி ‘மாண்டிசோரி டிப்ளமோ’வில் சேர்க்கலாமா என்பது ஒன்று. கூடப் படித்த தோழி அரசுப் பள்ளி வளாகத்தில் எல்.கே.ஜி. எடுக்கிறாள், அடிக்கடி டிரெய்னிங் போகிறாள், ‘என் பெண்ணுக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்வதில்லை’ என்பது இன்னொன்று. இரண்டாவதை நீங்கள் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை, ஆதங்கமாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். அது தெளிந்தால் டிப்ளமோ விஷயம் தானாகத் தெளியும்.

தோழிக்குச் செய்தி எப்படி வருகிறது என்று பாருங்கள். சென்னையில் எஸ்.சி.இ.ஆர்.டி., அதாவது மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம், ஒரு பயிற்சியைத் திட்டமிடுகிறது. அங்கிருந்து மாவட்டத்தில் உள்ள ஆசிரியர் பயிற்சி நிறுவனத்துக்கு, அதாவது எல்லோரும் ‘டயட்’ என்று சொல்லும் இடத்துக்குக் கடிதம் போகிறது. டயட்டிலிருந்து ஒன்றிய அளவில் பள்ளிகளுக்குத் துணை நிற்கும் வட்டார வள மையம். அங்கே உள்ள ஆசிரியர் பயிற்றுநர், தன் பொறுப்பில் இருக்கும் பள்ளிகளின் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போடுகிறார். சாய்வாக ஸ்கேன் செய்த பிடிஎஃப், அதற்குக் கீழே ‘அனைத்துத் தலைமை ஆசிரியர்களின் கனிவான கவனத்திற்கு’ என்று ஆரம்பிக்கும் ஒரு செய்தி. பல நேரம் அது வருவது இரவு எட்டரைக்கு மேல். பயிற்சி மறுநாள் காலை ஒன்பதரைக்கு. தலைமை ஆசிரியர் பள்ளிக் குழுவுக்கு அனுப்பினால்தான் தோழிக்குத் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கே இத்தனை படி. 2022-இல் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியபோது ஆயிரக்கணக்கான ஆசிரியர்களைப் பயிற்சிக்கு வரவழைத்ததும் இதே வழியில்தான்.

அங்கன்வாடிக்குப் பாதை வேறு. அது பள்ளிக்கல்வித் துறையே இல்லை, சமூக நலத்துறையின் கீழ் வரும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள். 1975 அக்டோபர் 2-ஆம் தேதி மத்திய அரசு தொடங்கிய திட்டம். தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள். அங்கே செய்தி குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடமிருந்து மேற்பார்வையாளர் வழியாக, மாதாந்திரக் கூட்டத்தில் பணியாளர் காதுக்குப் போகும். 2023-இல் மத்திய அரசு தொடங்கிய ‘போஷன் பி படாய் பி’ பயிற்சியும் இந்த வழியில்தான் இறங்கியது. சத்துணவோடு விளையாட்டு வழிக் கல்வியையும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குச் சொல்லித்தர வந்த பயிற்சி அது.

இந்த இரண்டு பாதையும் குறுக்கே சந்திக்கும் இடம் உங்கள் மகளின் தோழி வேலை பார்க்கும் இடம். 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கும் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். குழந்தை ஒரு துறை, டீச்சர் இன்னொரு துறை. பின்னால் 2022-இல் அங்கே தற்காலிகச் சிறப்பாசிரியர்களை மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். அதனால் தோழியைப் பார்த்து ரொம்பவும் ஏங்க வேண்டாம். அவளுக்குப் பயிற்சி கிடைக்கலாம், பணி நிரந்தரம் அதோடு சேர்ந்து வந்துவிடாது.

இப்போது உங்கள் மகள். மேலே சொன்ன இரண்டு பாதையிலும் அவள் இல்லை. தனியார் பள்ளிகளைக் கவனிக்கத் தனி இயக்ககம் இருக்கிறது, மாவட்டத்தில் தனியார் பள்ளிகளுக்கென்றே ஒரு மாவட்டக் கல்வி அலுவலரும் இருக்கிறார். அங்கிருந்து சுற்றறிக்கைகள் பள்ளி மின்னஞ்சலுக்கு வரும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அங்கீகாரம், கட்டணம், வாகனப் பாதுகாப்பு, தேர்வு பற்றியவை. ஆசிரியருக்கான பயிற்சிச் செய்தி வந்தாலும் அது தாளாளர் அறையைத் தாண்டி எல்.கே.ஜி. வகுப்புக்கு வருவது அபூர்வம். யாரும் வேண்டுமென்று மறைப்பதில்லை. ஒரு டீச்சர் இரண்டு நாள் போனால் அந்த வகுப்பை யார் பார்ப்பது என்ற கணக்குதான்.

ஆகவே யாராவது சொல்வார்கள் என்று அவள் காத்திருப்பதில் பயனில்லை. தானே போய் அந்தப் பாதையில் நின்றுகொள்ள வேண்டும். முதல் வேலையாக, ஒரு சனிக்கிழமை உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்துக்கு அவளை நேரில் போகச் சொல்லுங்கள். போனில் கேட்டால் ‘தனியார் பள்ளிக்கு இல்லைம்மா’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நேரில் போனால் பேச்சு நீளும். எண்ணும் எழுத்தும் பயிற்சியில் அவளை உட்காரவைக்க அவர்களுக்கு வழி இருக்காது. ஆனால் ஆசிரியர் கையேடு எங்கே கிடைக்கும், அங்கன்வாடியின் ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டத்தை யாரிடம் கேட்டுப் பார்க்கலாம், டயட்டில் எல்லோரும் வரக்கூடிய கருத்தரங்கு எப்போது என்பதையெல்லாம் சொல்லக்கூடிய ஒருவர் அங்கே கட்டாயம் இருப்பார். அவர் பெயரையும் நம்பரையும் வாங்கிக்கொண்டு வந்தால் அந்த நாளுக்கு அதுவே போதும்.

அப்புறம் தீக்ஷா, மத்திய அரசின் இணையக் கல்வித் தளம். 2017-இல் வந்த இந்தத் தளத்தில்தான் ‘நிஷ்தா’ என்ற மத்திய அரசின் ஆசிரியர் பயிற்சிகள் இணையவழியில் நடந்தன. முன்பருவக் கல்விக்கென்றே ஒரு தொகுதியும் வந்தது. பயிற்சிகளுக்குச் சேரும் தேதி, முடிக்கும் தேதி என்று இருக்கும். பாதியில் விட்டுவிட்டு அடுத்த மாதம் பார்க்கலாம் என்றால் கதவு மூடியிருக்கும். கடைசியில் ஒரு தேர்வு உண்டு, தேறினால்தான் சான்றிதழ். காசு ஒன்றும் கிடையாது. ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வீடியோவை ஓடவிட்டுவிட்டு சமையல் பார்த்து வாங்கிய சான்றிதழை நேர்காணலில் இரண்டே கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்கள். வாரம் ஒரு பாடம் பார்த்து, அதை மறுநாள் வகுப்பில் செய்துபார்த்து, என்ன நடந்தது என்று நாலு வரி எழுதிவைக்கச் சொல்லுங்கள். அடுத்த பள்ளிக்கு வேலை கேட்டுப் போகும்போது சான்றிதழை விட அந்த நோட்டு பேசும்.

பயிற்சி பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள், வகுப்பில் ஒரு குழந்தைக்குச் சிக்கல் என்றால் எங்கே உதவி கேட்பது என்பது பற்றிக் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. எல்.கே.ஜி.யில் ஒரு நாலு வயதுப் பையன் இருக்கிறான் என்று வையுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. மற்ற பிள்ளைகள் ரயில் விளையாடும்போது அவன் டிபன் பாக்ஸ் மூடியைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறான். அவன் அம்மாவைக் கேட்டால் ‘அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்’ என்கிறார். காது கேட்பதில் சிக்கலா, வளர்ச்சியில் வேறுபாடா, ஒன்றுமே இல்லையா என்று டீச்சர் முடிவு செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் எங்கே அனுப்புவது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அங்கன்வாடிப் பிள்ளை என்றால் ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தின் மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை மையத்துக்கே வந்து பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. அரசு, அரசு உதவிபெறும் பள்ளி என்றால் வருடத்துக்கு ஒரு முறை. தனியார் நர்சரிப் பிள்ளை இந்த வலையில் விழுவதில்லை. அவனுக்கு முதல் ‘பரிசோதனை’ டீச்சரின் கண்தான். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரியிலோ மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. காது, பேச்சு, வளர்ச்சி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இலவசமாகப் பார்க்கிறார்கள். வட்டார வள மையத்திலேயே மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவரும் உண்டு. சனிக்கிழமை போகும்போது அவர்களையும் பார்த்துவிட்டு வரட்டும். குழந்தைக்கு ஆபத்து என்று சந்தேகம் வந்தால் 1098, பள்ளிக்கல்வி சார்ந்த எந்த விவரத்துக்கும் 14417. இந்த இரண்டு நம்பரும் வகுப்பறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த ஒரு எல்.கே.ஜி. டீச்சரை எந்தப் பள்ளியும் லேசில் விடாது. இதைச் சம்பளம் பேசும்போதும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சரி, அந்த 45,000. மாண்டிசோரி முறை நல்ல முறைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சான்றிதழை யார் தருகிறார்கள் என்பதுதான் கேள்வி. ‘அரசு அங்கீகாரம்’ என்று போட்டிருந்தால் எந்த அரசு அமைப்பு, எந்த எண் என்று எழுத்தில் கேளுங்கள். அறக்கட்டளையாகவோ நிறுவனமாகவோ பதிவு செய்த எண்ணைக் காட்டினால் அது படிப்புக்கான அங்கீகாரம் ஆகாது; கடை வைக்க லைசென்ஸ் வாங்கியதைப் போன்றது. முன்பருவக் கல்விப் பட்டயம் என்று என்.சி.டி.இ., அதாவது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதிகளில் ஒன்று உண்டு, அது இரண்டு வருடம். மூன்று மாதத்தில் அதே மதிப்பு என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடலாம். குழந்தைகளோடு நேரில் வகுப்பறையில் எத்தனை நாள் பயிற்சி என்றும் கேட்கச் சொல்லுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் பணத்தை வங்கியிலேயே விட்டுவையுங்கள்.

பட்டயம் வேண்டும் என்றே மகள் நினைத்தால், தொலைநிலையில் படிக்கும் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின், அதாவது இக்னோவின், ஒரு வருட முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு மற்றும் கல்விப் பட்டயத்தைப் பார்க்கலாம்; மேலே சொன்ன இரண்டு வருடப் பட்டயம் வேறு, இது வேறு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தால் போதும், வேலையை விடாமலே படிக்கலாம். சென்னையிலும் மதுரையிலும் மண்டல மையம் இருக்கிறது. சேர்க்கை ஜனவரி, ஜூலை என்று இரண்டு பருவம்; எந்த மொழியில் பாடநூல் கிடைக்கும் என்பதைச் சேரும் முன் மண்டல மையத்தில் உறுதி செய்துகொள்ளட்டும்.

அரசு வேலையும் மனதில் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இடைநிலை ஆசிரியர் என்றால் டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாள், அதன்பின் நியமனத் தேர்வு, டி.டி.எட். கையில் இருப்பதால் அந்த வாசல் திறந்தே இருக்கிறது, படிக்கத்தான் வேண்டும். அங்கன்வாடிப் பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்பும் 25 முதல் 35 வரை வயதும் என்று 2025 அறிவிப்பில் கேட்டிருந்தார்கள்; உதவியாளர் இடங்களையும் சேர்த்து 7,000-க்கும் மேற்பட்ட காலியிடங்கள். அது சென்னையிலிருந்து ஒரே நாளில் வரும் அறிவிப்பு இல்லை. மாவட்டம் மாவட்டமாக வரும், கடைசித் தேதியும் மாறும். யூடியூபில் வரும்போது பாதி நாள் போயிருக்கும். உங்கள் மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் அறிவிப்புப் பகுதியை வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை காபி நேரத்தில், நீங்களே பார்த்துவிடுங்கள். மகளுக்கு அந்த நேரத்தில் பாடக்குறிப்பு எழுதும் வேலை இருக்கும்.