எவ்வளவு தூரத்திலிருந்து சுடலாம்? நெடுந்தூர வேட்டை: கேள்வி-பதில்

பெரிய விலங்குகளைத் தொலைவிலிருந்து சுடுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. சட்டம் அனுமதிக்கும் இடத்தில், முறையான உரிமத்தோடு வேட்டைக்குப் போகிறவர்களை மனதில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்.

நேராகவே கேட்கிறேன். மானைச் சுட அதிகபட்சம் எத்தனை மீட்டர்? ஒரு எண் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் பொருந்துகிற எண் கிடையாது. ஆனால் உங்களுக்கான எண்ணை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். மானைப் பக்கவாட்டில் பார்த்தால், இதயமும் நுரையீரலும் அடங்கிய நெஞ்சறை 20 முதல் 25 செ.மீ. குறுக்களவு இருக்கும். அந்த அளவுக்கு அட்டையில் ஒரு வட்டம் வெட்டிக்கொள்ளுங்கள். மேஜை, மணல்மூட்டை எதுவும் வேண்டாம். மேட்டில் ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே, முழங்கால் போட்டோ முதுகுப்பையின் மேல் துப்பாக்கியைச் சாய்த்தோ சுடுங்கள். ஒரே ஒரு குண்டுதான். குழல் குளிர்ந்திருக்க வேண்டும். அடுத்ததை இன்னொரு நாள் சுடுங்கள். எந்தத் தூரம் வரை அந்த முதல் குண்டு தவறாமல் வட்டத்துக்குள் விழுகிறதோ, அதுதான் உங்கள் எல்லை. அதுவும் காற்றில்லாத நாளுக்கு மட்டும்.

இதை ஏமாற்றாமல் செய்து பார்ப்பவர்களில் பலருக்கு, அவர்கள் நினைத்துக்கொண்டிருந்த தூரத்தில் பாதிதான் தேறுகிறது. நார்வேயில் பெரிய விலங்குகளை வேட்டையாட ஆண்டுதோறும் சுடும் தேர்வில் தேற வேண்டும். 100 மீட்டரில் ஐந்து குண்டுகளும் 30 செ.மீ. வட்டத்துக்குள் விழ வேண்டும். வேட்டைப் பழக்கம் ஊறிய நாடு, தேர்வு வைப்பது 100 மீட்டரில்தான்.

பயிற்சிக் களத்தில் 800 மீட்டரில் இருக்கும் இரும்புத் தகட்டை அடிக்கடி அடிக்கிறேன். எல்க் என்ற பெரிய மான் அந்தத் தகட்டைவிடப் பெரியது. பிறகு ஏன் சுடக் கூடாது என்கிறீர்கள்?

உங்கள் திறமையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் "அடிக்கடி" என்று எழுதியிருக்கிறீர்கள். தகட்டில் முதல் குண்டு விலகினால் தூசி எழுந்த இடத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்டு இரண்டாவதில் அடிக்கலாம். உயிருள்ள விலங்கில் அந்த முதல் குண்டு வயிற்றில் பாய்ந்திருக்கும், அல்லது தாடையை உடைத்திருக்கும்.

இன்னொன்று, தகடு நடக்காது. .308 வின்செஸ்டர் போன்ற சாதாரண வேட்டைத் தோட்டாவின் குண்டு 500 மீட்டரைக் கடக்க முக்கால் வினாடிக்குச் சற்று மேல் ஆகிறது. மேய்ந்துகொண்டிருக்கும் விலங்கு அந்த நேரத்துக்குள் ஓர் அடி எடுத்து வைத்தால் போதும், முன்னங்கால் தோளுக்குப் பின்னால் வைத்த குறி குடலுக்குப் போய்விடும். நீங்கள் விசையை அழுத்தியபோது எல்லாம் சரியாகவே இருந்திருக்கும். குண்டு புறப்பட்ட பிறகுதான் விலங்கு நகர்ந்திருக்கும். இதற்கு எந்தப் பயிற்சியும் மருந்தில்லை. 800 மீட்டரில் இந்த இடைவெளி இன்னும் நீளும்.

காற்றையும் பாருங்கள். மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, அதே வகைக் குண்டை 300 மீட்டரில் சுமார் 20 செ.மீ. தள்ளும். 500 மீட்டரில் 60 செ.மீ.க்கும் மேல். தூரம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, விலகல் மூன்று மடங்காகிவிட்டது. காற்றின் வேகத்தைக் கால்பங்கு தவறாகக் கணித்தாலே 500 மீட்டரில் 15 செ.மீ. போய்விடும். நெஞ்சறையின் நடுவிலிருந்து 15 செ.மீ. தள்ளினால் மானில் எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். பள்ளத்தாக்கின் இந்தக் கரையில் உங்கள் கன்னத்தில் படும் காற்று ஒன்று, நடுவில் வீசுவது இன்னொன்று, அக்கரையில் புல் சாய்வது எதிர்த்திசையில். களத்தில் கொடி கட்டியிருப்பார்கள். மலையில் யார் கட்டுவது?

தூரத்தை அளக்கும் லேசர் ரேஞ்ச்ஃபைண்டரும் குண்டின் பாதையைக் கணிக்கும் செயலியும் வாங்கிவிட்டேன். இவை இருந்தால் போதாதா?

தூரத்தையும் குண்டு எவ்வளவு இறங்கும் என்பதையும் கணிக்க அவை அருமையான கருவிகள். 200 மீட்டரில் சுடுகிறவரும் ரேஞ்ச்ஃபைண்டர் வைத்திருக்க வேண்டும் என்பேன். ஆனால் குண்டு போகும் வழி நெடுகக் காற்று எப்படி வீசுகிறது என்பதை உங்கள் பையில் இருக்கும் கருவி சொல்லாது. நீங்கள் நிற்கும் இடத்துக் காற்றைத்தான் அளக்கும். லேசர் கதிர் விலங்குக்கு முன்னால் இருக்கும் புதரில் பட்டுத் திரும்பினால் தூரமே தவறாகிவிடும். 600 மீட்டரில் 20 மீட்டர் பிசகினால் குண்டு 15 முதல் 20 செ.மீ. வரை மேலோ கீழோ போகும். ஒரு தடவை அளந்ததோடு விடாமல், விலங்கின் பக்கத்தில் தெரியும் பாறையையும் அளந்து இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

அறம் சார்ந்த கேள்வியும் இதில் இருக்கிறது. 1887-இல் தியோடர் ரூஸ்வெல்ட் தொடங்கிய பூன் அண்ட் க்ராக்கெட் கிளப் முன்வைக்கும் நியாய வேட்டை நெறி, விலங்கின் மீது வேட்டைக்காரருக்கு முறையற்ற அனுகூலம் இருக்கக் கூடாது என்கிறது. மோப்பம், செவி, கண் ஆகிய மூன்றாலும் உங்களை அறிந்துகொள்ளும் வாய்ப்பு விலங்குக்கு இருக்க வேண்டும். மூன்றும் எட்டாத தூரத்தில் நின்று சுடும்போது அதற்கு என்ன வாய்ப்பு மிஞ்சுகிறது? அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம், ஸ்கோப் (துப்பாக்கியின் மேல் பொருத்தும் குறிநோக்கி) முதலியவற்றையும் சேர்த்து 16 பவுண்டுக்கு மேல் எடையுள்ள துப்பாக்கியால் பெரிய விலங்குகளை வேட்டையாடத் தடை போட்டிருக்கிறது. நெடுந்தூரத்துக்கென்றே செய்யப்படும் கனத்த துப்பாக்கிகளைத்தான் இந்த விதி வெளியே நிறுத்துகிறது. நீங்கள் போகும் இடத்து விதியையும் புறப்படும் முன்பே படித்துவிடுங்கள்.

வேகமும் விசையும் கூடுதலான பெரிய மேக்னம் தோட்டாவுக்கு மாறினால் பிரச்சினை தீருமா?

ஓரளவுக்குத்தான். வேட்டைக் குண்டு உடலுக்குள் விரிந்தால்தான் வேலை செய்யும், அதற்கு வேகம் வேண்டும். வினாடிக்கு சுமார் 1800 அடிக்குக் கீழே போனால் பல குண்டுகள் சரியாக விரிவதில்லை. செம்பாலான குண்டுகள் சிலவற்றுக்கு அதைவிடக் கூடுதலாகவே வேண்டும். .308 குண்டு 500 மீட்டரை எட்டும்போது அந்த எல்லையில்தான் தள்ளாடிக்கொண்டிருக்கும். மேக்னம் அதைச் சற்றுத் தள்ளிப்போடும், அவ்வளவே. காற்றும் விலங்கின் அசைவும் அப்படியே இருக்கும். போதாக்குறைக்கு, பின்னுதை பலமாக இருப்பதால் விசையை அழுத்தும்போதே கண்ணை மூடும் பழக்கம் வந்துவிடும். உங்கள் குண்டு தயாரிப்பாளர் குறைந்தபட்ச வேகம் எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார். அந்த வேகம் எந்தத் தூரத்தில் தீர்கிறதோ, அதற்கு அப்பால் எவ்வளவு துல்லியமாகச் சுட்டாலும் சுடக் கூடாது.

மலை முகட்டில் வானம் பின்னணியாக அழகான கொம்புள்ள ஆண் மான் நின்றது. உடன் வந்தவர் சுட விடவில்லை. அவர் செய்தது சரியா?

சரிதான். அவரையே அடுத்த முறையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

.30-06 போன்ற வேட்டைத் துப்பாக்கிக் குண்டு, சாதகமான கோணத்தில் புறப்பட்டால் 4, 5 கி.மீ. வரை போகக்கூடியது. முகட்டுக்கு அப்பால் கூடாரம் இருக்கலாம், பாதை இருக்கலாம், வேறொரு வேட்டைக் குழு வந்துகொண்டிருக்கலாம். பின்னால் குண்டை வாங்கிக்கொள்ளும் மண்சரிவு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டுமே விசையில் விரல் வைக்க வேண்டும். பாறை, உறைந்த நிலம், தண்ணீர் ஆகியவற்றை நம்பக் கூடாது. அவற்றில் பட்ட குண்டு தெறித்து எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகும்.

நெடுந்தூரத்தில் இந்த ஆபத்து வேறொரு வடிவமும் எடுக்கிறது. ஸ்கோப்பில் 20 மடங்கு பெருக்கத்தை வைத்தால் தெரிவது விலங்கும் அதைச் சுற்றிக் கொஞ்சம் புல்லும்தான். பத்தடி தள்ளி வரும் ஆள் கண்ணில் படமாட்டார். மந்தையில் பின்னால் நிற்கும் இன்னொரு மானும் தெரியாது. முதல் மானைத் துளைத்துக்கொண்டு போன குண்டு அதையும் காயப்படுத்தும். ஆகவே பைனாகுலரோடு ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். "ஆள் இல்லை, பின்னால் மண், மான் தனியாக நிற்கிறது" என்று அவர் வாய்விட்டுச் சொன்ன பிறகே சுட வேண்டும். அவர் "வேண்டாம்" என்றால் பேச்சுக்கே இடமில்லை. தூரத்தில் அசைவது என்ன என்று பார்க்கத் துப்பாக்கி ஸ்கோப்பைப் பயன்படுத்துகிறவர்களோடு நான் வேட்டைக்குப் போவதில்லை. அது ஆளாக இருந்தால், துப்பாக்கி ஏற்கெனவே அவரை நோக்கி இருக்கிறது.

400 மீட்டருக்கும் கூடுதலான தூரத்தில் சுட்டேன். மான் ஓடி மறைந்தது, விழவில்லை. தவறிவிட்டது என்று திரும்பிவிட்டோம். பிறகு மனசு கேட்கவில்லை.

மனசு கேட்காதது நியாயம்தான். இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு நிறைய சொல்ல இருக்கிறது.

நெஞ்சில் நன்றாகக் குண்டு பட்ட மான்கூட நூறு மீட்டர் ஓடும். அது விழவில்லை என்பதால் குண்டு தவறியது என்றாகிவிடாது. பக்கத்தில் சுட்டால் குண்டு பட்ட சத்தமும் மானின் துள்ளலும் உடனே தெரியும். தொலைவில் பின்னுதையில் ஸ்கோப் எகிறி, நீங்கள் மறுபடி பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். குண்டு பட்ட ஓசை 400 மீட்டரிலிருந்து திரும்பி வர ஒரு வினாடிக்கு மேல் ஆகும். வேடிக்கைப் பேச்சில் அது காதில் விழாமலே போகலாம்.

சுட்டவுடன் இடத்தை விட்டு எழாதீர்கள். மான் நின்ற இடத்துக்கு அருகில் தெரியும் மரம், பாறை எதையாவது அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். திசைகாட்டியில் கோணம் குறியுங்கள், கைபேசியில் படம் எடுங்கள். நீங்கள் சுட்ட இடத்திலும் ஒரு துணியைக் கட்டுங்கள். அக்கரைக்குப் போனதும் எல்லாப் புதரும் ஒன்றுபோலத்தான் தெரியும். முடிந்தால் ஒருவர் இக்கரையிலேயே நின்று கைகாட்டி வழி சொல்லட்டும்.

அங்கே போனதும் குனிந்து தேடுங்கள். முதலில் அகப்படுவது ரத்தமாக இருக்காது, முடியாக இருக்கும். குண்டு நுழைந்த இடத்தில் கத்தரித்ததுபோல ஒரு சிறு கொத்து. வெள்ளையான நீள முடி என்றால் வயிற்றின் அடிப்பக்கமாக இருக்கலாம். ரத்தம் இளஞ்சிவப்பாய், நுரையோடு இருந்தால் நுரையீரல். அரை மணி நேரம் பொறுத்துத் தொடரலாம். கருஞ்சிவப்பு என்றால் ஈரலாக இருக்கலாம். பச்சையாக, செரிக்காத புல்லோடு நாற்றம் அடித்தால் இரைப்பையோ குடலோ. ஐந்தாறு மணி நேரமாவது விட வேண்டும். அவசரப்பட்டுத் துரத்தினால் படுத்திருந்த விலங்கு எழுந்து கண்ணுக்கெட்டாத தூரம் போய்விடும். கனமழை வரப்போகிறது என்றால் மட்டும் இந்தக் கணக்கை மாற்ற வேண்டியிருக்கும்.

முடியும் ரத்தமும் எதுவும் கிடைக்காவிட்டாலும், ஓடிய தடத்தில் நூறு, இருநூறு மீட்டர் போய்ப் பாருங்கள். சில காயங்களில் ரத்தம் உள்ளேயே தேங்கி, தாமதமாகத்தான் சொட்டத் தொடங்கும். காயப்பட்ட விலங்கைத் தேடுவதற்கென்றே ஜெர்மனியில் ஹனோவர் இனத்தையும் பவேரிய மலை இனத்தையும் சேர்ந்த மோப்ப நாய்களை வளர்த்துப் பழக்கியிருக்கிறார்கள். ஸ்வீடனில் மான், மூஸ் எனும் பெரிய மான், காட்டுப்பன்றி போன்றவற்றை வேட்டையாடினால், பழக்கப்பட்ட நாய் இரண்டு மணி நேரத்துக்குள் சுட்ட இடத்துக்கு வந்து சேர ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது சட்டம்.

மான் நிற்கும் இடத்துக்குப் போய்த் தேட முடியாதபடி பள்ளமோ ஆறோ குறுக்கிட்டால், அல்லது பொழுது சாய ஒரு மணி நேரம்கூட இல்லையென்றால், சுடவே கூடாது.

நெருங்கினால் விலங்கு மிரண்டு ஓடுகிறது. தூரத்திலிருந்து சுட்டால் அது பதற்றமே இல்லாமல் சாகும், அதுதான் கருணை என்கிறார் என் மாமா. பதில் சொல்ல முடியவில்லை.

குண்டு சரியான இடத்தில் பட்டால் மாமா சொல்வது உண்மை. ஆனால் அவர் நல்ல முடிவை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார். நெருங்கும்போது நீங்கள் தவறினால் மான் ஓடிப் பிழைக்கும். தூரத்தில் தவறினால் கால் முறிந்தோ குடல் கிழிந்தோ நாள்கணக்கில் கிடந்து சாகும். முதல் தவறின் நஷ்டம் உங்களோடு போகிறது, இரண்டாவதில் முழு நஷ்டமும் விலங்குக்கு. எதிர்க்காற்றில், மேட்டின் மறைவில் ஊர்ந்து நூறு மீட்டர் குறைக்க முடிந்தால் குறையுங்கள். முடியாவிட்டால் மறுநாள் வாருங்கள் என்று மாமாவிடம் மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள்.

சரிவில் மேலிருந்து கீழே சுடும்போது குறியை எப்படி வைப்பது?

சரிவு வழியாக அளந்த தூரத்துக்கு அல்ல, கிடைத்தூரத்துக்கு (மட்டமாக அளந்தால் வரும் தூரம்) வையுங்கள். சாய்வாக 400 மீட்டர், கோணம் 30 பாகை என்றால் குண்டுக்கு ஏறத்தாழ 346 மீட்டர் கணக்குத்தான். காற்றுக்கு மட்டும் முழு 400-ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து நுழையும் குண்டு எங்கே வெளியேறும் என்பதை யோசித்துக் குறி வைக்க வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நெடுந்தூரச் சூடு கூடாது என்கிறீர்கள். காயப்பட்டு ஓடும் விலங்கு தொலைவில் நின்றால்?

அங்கே நியாயம் மாறிவிடுகிறது. காயம் ஏற்கெனவே பட்டுவிட்டது. பின்னால் மண் இருந்து, ஆள் யாரும் இல்லையென்றால், வழக்கமான எல்லையைத் தாண்டியும் சுடலாம், சுடத்தான் வேண்டும். விழுந்ததும் ஓடிப் போகாதீர்கள். துப்பாக்கி தயாராக இருக்கட்டும். தலைக்குப் பின்பக்கமாக நெருங்கி, நீளமான குச்சியால் கண்ணைத் தொடுங்கள். இமைத்தால் இன்னும் உயிர் இருக்கிறது, தாமதிக்காமல் முடித்துவிடுங்கள். இமைக்கவில்லை என்றால், தோட்டாக்களை வெளியே எடுத்துத் துப்பாக்கியைக் காலி செய்துவிட்டு, அப்புறம் கத்தியைத் தொடுங்கள்.