ஒளிரும் வாளுக்கு எந்தப் பற்றரி, எந்த டிரைவர்? திருமலை வாசகர் கேள்விகள்

வீட்டிலேயே ஒளிரும் வாள் செய்கிறவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பலரும் "எத்தனை வோல்ற்?" என்றுதான் ஆரம்பிக்கிறீர்கள். வோல்ற் முக்கியம்தான், ஆனால் எத்தனை அம்பியர் ஓடப் போகிறது என்பதை முதலில் எழுதி வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

கேள்வி: ஐயா, மகளுக்குப் பதினொரு வயது, பள்ளிக்கூட நாடகத்தில் வாள் பிடிக்கிறாள். ஒரு மீற்றர் 12 வோல்ற் எல்ஈடி ஸ்ட்ரிப்புக்கு 9 வோல்ற் பற்றரி கொடுத்தேன். மங்கலாக எரிகிறது, கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விடுகிறது. (உவர்மலை)

பதில்: அந்தச் சதுரப் பற்றரி இந்த வேலைக்கு ஆகாது அம்மா. அதன் கொள்ளளவு ஏறக்குறைய 500 மில்லி அம்பியர் மணிதான், அதுவும் மல்டிமீற்றர் போல மெல்ல மெல்ல இழுக்கும் பொருட்களுக்கு. உங்கள் ஸ்ட்ரிப் சாதாரண ரகமாக இருந்தாலும் மீற்றருக்கு 4.8 வாற், அதாவது 12 வோல்ற்றில் 400 மில்லி அம்பியர் கேட்கும். தவிர, 12 வோல்ற் ஸ்ட்ரிப்பில் மும்மூன்று எல்ஈடிகள் தொடராக இருக்கின்றன, வெள்ளையோ நீலமோ என்றால் மூன்றுக்கும் சேர்த்தே ஒன்பது வோல்ற்றுக்கு மேல் வேண்டும். பிறகு எப்படிப் பிரகாசமாக எரியும்?

5 வோல்ற் யூஎஸ்பி ஸ்ட்ரிப் வாங்குங்கள், சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் ஏஏ பற்றரி நான்கு தொடராகப் போடுங்கள். 4.8 வோல்ற் வரும், அது போதும். நான்கையும் வரிசையாக வைத்தால் 20 சென்றிமீற்றர்தான், கைப்பிடிக் குழாய்க்குள் அடங்கும். லித்தியம் இலேசானது, சக்தியும் அதிகம், ஆனாலும் மேடையில் ஓடிப் பிடித்து வாளைக் கீழே போடும் வயதுப் பிள்ளையின் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

கேள்வி: அண்ணா, 3 வாற் நீல எல்ஈடி ஒன்றை 18650 என்ற லித்தியம் பற்றரியில் நேரடியாகத் தொடுத்தேன், நன்றாக எரியுது. பிறகு எதுக்கு டிரைவர்? (கிண்ணியா)

பதில்: தம்பி, டிரைவர் என்றால் எல்ஈடிக்குள் போகும் கரண்ட்டை அளவாகப் பிடித்து வைக்கும் சுற்று. ஏன் வேண்டும் என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நீல எல்ஈடிக்கு ஏறக்குறைய 3.2 வோல்ற் போதும். முழுச் சார்ஜில் உள்ள லித்தியம் பற்றரி 4.2 வோல்ற் கொடுக்கும். மீதி ஒரு வோல்ற்றைத் தாங்க நடுவில் ஒன்றும் இல்லாததால் வயரும் பற்றரியின் உள்தடையும் எவ்வளவு விடுகின்றனவோ அவ்வளவு கரண்ட் பாயும், எல்ஈடி சூடாகும், சூடானால் அதற்குத் தேவையான வோல்ற் இன்னும் குறையும், அதனால் கரண்ட் இன்னும் கூடும், அது மறுபடி சூட்டைக் கூட்டும். இப்போது எரிகிறது என்றால் உங்கள் பற்றரி பாதி இறங்கியிருக்கலாம், அல்லது வயர் மெல்லியதாக இருக்கலாம். முழுச் சார்ஜ் செய்து ஒரு காட்சி முழுக்க எரியவிட்டால் எல்ஈடி கருகிவிடலாம்.

மலிவான வழி ரெசிஸ்டர். 350 மில்லி அம்பியர் வேண்டும் என்றால் 4.2இல் 3.2 போக மீதி 1 வோல்ற், அதை 0.35ஆல் வகுத்தால் 2.9 ஓம். கடையில் கிடைக்கும் 3.3 ஓம், 1 வாற் ரகம் போடுங்கள். குறை என்னவென்றால் பற்றரி இறங்க இறங்க ஒளியும் நன்றாகவே இறங்கும். அதனால் என் விருப்பம் ஏஎம்சி 7135 என்ற சின்னச் சில்லுதான், ரோச் லைற்றுகளுக்குள் இருப்பது. பற்றரி 4.2இல் இருந்தாலும் 3.6இல் இருந்தாலும் அது 350 மில்லி அம்பியரிலேயே பிடித்து வைக்கும். இரண்டைச் சமாந்தரமாக இணைத்தால் 700. ஆனால் இரவு மேடைக்கு 350 தாராளம், இரட்டித்தால் கண்ணுக்கு இருமடங்காகத் தெரியாது, சூடு மட்டும்தான் கூடும்.

சிவப்பு எல்ஈடி என்றால் கணக்கு வேறு. அதற்கு இரண்டு வோல்ற்றுக்குக் கொஞ்சம் மேலே போதும் என்பதால் மீதி இரண்டு வோல்ற் அந்தச் சில்லில் சூடாகத்தான் போகும், 0.7 வாற் வரை. எந்த நிறமானாலும் எல்ஈடியின் பின்பக்கத்தை வெப்பப் பசை தடவி அலுமினியத்தில் இறுக்குங்கள். பிளாஸ்ரிக் கைப்பிடிக்குள் சும்மா தொங்கவிட வேண்டாம்.

கேள்வி: 12 வோல்ற் ஸ்ட்ரிப் ஏற்கெனவே வாங்கிவிட்டேன். ஒரே ஒரு 18650 வைத்து எரிக்க முடியுமா? (மூதூர்)

பதில்: முடியும், எம்டி 3608 போன்ற வோல்ற் உயர்த்தும் பலகை வேண்டும். வோல்ற் சும்மா கூடாது, பற்றரியிலிருந்து அதற்கேற்ற கரண்ட்டை இழுக்கும். 4.8 வாற் ஸ்ட்ரிப்புக்கு, பலகையில் வீணாவதையும் சேர்த்தால், ஏறக்குறைய 1.5 அம்பியர். 2600 மில்லி அம்பியர் மணி பற்றரி ஒன்றரை மணி நேரம் தாங்கும், ஒரு நாடகத்துக்கு இது போதும். ஸ்ட்ரிப்பைத் தொடுக்கும் முன் மல்டிமீற்றரை வைத்துப் பலகையில் உள்ள சின்னத் திருகாணியைச் சுற்றி 12 வோல்ற்றுக்குக் கொண்டுவந்து விடுங்கள், புதுப் பலகை எந்த வோல்ற்றில் வரும் என்று சொல்ல முடியாது. மூன்று 18650ஐத் தொடராகப் போடுகிற வழியும் உண்டு, ஆனால் மூன்றையும் சமமாகச் சார்ஜ் செய்து காக்கும் பலகை இல்லாமல் அந்த வழிக்குப் போகாதீர்கள்.

கேள்வி: 9900 மில்லி அம்பியர் மணி என்று எழுதிய 18650 மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா? (நிலாவெளி)

பதில்: வேண்டாம். இந்த அளவுப் பற்றரியில் நல்ல தயாரிப்புகளே 3500 பக்கம்தான் கொடுக்கின்றன. தராசில் வைத்துப் பாருங்கள், நல்லது 45 கிராம் பக்கம் இருக்கும், போலி பெரும்பாலும் கையிலேயே இலேசாகத் தெரியும்.

கேள்வி: நிறம் மாறும் வாளுக்குப் பவர் பாங்க் வைத்தேன். வாளை அணைத்து வைத்தால் பவர் பாங்கும் தானாக அணைந்துவிடுகிறது. (சாம்பல்தீவு)

பதில்: கரண்ட் மிகக் குறைந்தால் வேலை முடிந்தது என்று நினைத்து அது தன்னை நிறுத்திக்கொள்ளும், பழுதில்லை. முழுதாக அணைக்காமல் சில எல்ஈடிகளை மங்கலாக எரியவிட்டுப் பாருங்கள். இன்னொன்று, நிறம் மாறும் வாள்களில் போடும் டபிள்யூஎஸ் 2812 எல்ஈடி ஒவ்வொன்றும் முழு வெள்ளையில் 60 மில்லி அம்பியர் வரை இழுக்கும். அறுபது இருந்தால் 3.6 அம்பியர், 2 அம்பியர் பவர் பாங்க் என்றால் அதைத் தாங்காது. தனி நீலமோ தனிச் சிவப்போ என்றால் மூன்றில் ஒரு பங்குதான்.

கேள்வி: தம்பி, கூத்தில் வாளோடு வாள் மோதும்போது வெளிச்சம் விட்டு விட்டு எரிகிறது. எல்லாம் புதுப் பற்றரிதான். (தம்பலகாமம்)

பதில்: அண்ணாவியார் ஐயா, குறை பற்றரியில் இல்லை, அதைப் பிடித்திருக்கும் சுருள் கம்பியில். அடி விழும்போது பற்றரி பின்னால் போய்க் கம்பியை அமுக்குகிறது, முன்பக்கம் ஒரு கணம் விடுபடுகிறது. இரண்டு பக்கமும் சுருள் உள்ள கூடு வாங்கி, பற்றரிக்கும் குழாய்க்கும் இடையில் பஞ்சுத் தாள் சுற்றி இறுக்குங்கள். ஒற்றைக் கம்பி வயர் முறியும், பல இழை வயர் போடுங்கள், பற்றவைத்த இடங்களைச் சூட்டுப் பசையால் அசையாமல் பிடித்துவிடுங்கள். லித்தியம் பற்றரியின் முனையில் மட்டும் நேரடியாக ஈயம் பற்றவைக்க வேண்டாம், அந்தச் சூடு உள்ளே கெடுத்துவிடும். நிக்கல் தகடு ஏற்கெனவே ஒட்டி வருவதை வாங்குங்கள்.

கடற்கரைப் பக்கம் ஆடப் போனால் உப்புக் காற்றில் சுருளும் செம்பு வயரின் முனையும் பச்சை பூக்கும், அதுவும் இதே மாதிரி மினுக்கத்தைத்தான் கொடுக்கும். ஆடி முடிந்ததும் பற்றரியைக் கழற்றி, தொடும் இடங்களை ஸ்பிரிட்டால் துடைத்து, வசலின் மிக மெல்லியதாகப் பூசி வைத்தால் அடுத்த கூத்து வரைக்கும் சுத்தமாக இருக்கும்.