வேஃபரில் தேறும் சென்சார் பேக்கேஜில் தவறுவது ஏன்?

கேள்வி: நாங்கள் கெப்பாசிட்டிவ் ஆக்சிலரோமீட்டர் (முடுக்கத்தைக் கெப்பாசிட்டன்ஸ், அதாவது மின்தேக்குத்திறன், மாற்றமாக அளக்கும் சென்சார்) தயாரிக்கிறோம். வேஃபரில் (தனிச் சில்லுகளாக வெட்டுமுன் உள்ள சிலிக்கான் தட்டில்) ப்ரோப் ஊசி வைத்துப் பார்க்கும்போது நன்றாக இருக்கும் சில்லுகள் பேக்கேஜ் ஆனதும் ஆஃப்செட்டில் (முடுக்கமே இல்லாதபோதும் காட்டும் அளவில்) தவறுகின்றன. முன்பே பிடிக்க வழி உண்டா?

பதில்: இந்தக் கோளாறை வேஃபரில் பிடிப்பது கடினம். பெரும்பாலும் அது அங்கே இன்னும் பிறந்திருக்கவே இல்லை. சிலிக்கான் ஒரு டிகிரி சூட்டுக்குப் பத்து லட்சத்தில் 2.6 பங்குதான் விரியும். பேக்கேஜுக்காக மேலே ஊற்றும் எப்பாக்சி பிசின் அதைப்போலப் பல மடங்கு. சூட்டில் இறுகிய பிசின் ஆறும்போது சில்லை லேசாக வளைத்துவிடும். உள்ளே அசையும் நிறையிலும் அசையாத சட்டத்திலும் உள்ள சீப்புப் பற்களுக்கு நடுவே இருப்பதே ஒன்றிரண்டு மைக்ரான் இடைவெளி. அது ஒரு பக்கம் நெருங்கினால், சும்மா கிடக்கும் சென்சாரும் முடுக்கம் இருப்பதாகச் சொல்லும்.

சந்தேகமிருந்தால் சில சில்லுகளுக்கு எண் போட்டு, ப்ரோப் மேடையைச் சூடாக்கி 25, 85 டிகிரியில் ஆஃப்செட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பேக்கேஜ் ஆனபின் அதே இரண்டு வெப்பநிலையில் மறுபடி பாருங்கள். வெப்பத்தோடு ஆஃப்செட் மாறும் சரிவு வேறாகியிருந்தால் குற்றவாளி பிசின்தான். சில்லை ஒட்டும் பசையை மிருதுவான சிலிக்கோன் வகைக்கு மாற்றிப் பாருங்கள்.

அதற்காக வேஃபர் சோதனையைக் குறைத்துவிடாதீர்கள். மின்னழுத்தம் கொடுத்து நிறையை இழுத்துப் பாருங்கள். கெப்பாசிட்டன்ஸ் மாறவில்லை என்றால் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது, தள்ளிவிடலாம். அப்புறம் ஒத்ததிர்வெண், அதாவது நிறை இயல்பாக அதிரும் அதிர்வெண், பாருங்கள். நிறையைத் தாங்கும் 2 மைக்ரான் அகல ஸ்பிரிங் அரிப்பில் 0.2 மைக்ரான் மெலிந்தால் விறைப்பு 27 சதவீதம் போய்விடும், ஏனெனில் விறைப்பு அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவது. விறைப்பு குறைந்தால் ஒத்ததிர்வெண்ணும் குறையும். ஆக, அதை வைத்துக் குலுக்காமலேயே உணர்திறனைக் கணித்துவிடலாம். ஒன்று கவனியுங்கள், அளப்பது ஃபெம்டோஃபாரட் கணக்கில், அவ்வளவு நுண்ணிய கெப்பாசிட்டன்ஸ். கேபிளைத் தொட்டாலே எண் ஆடும். நானே அப்படி ஒரு மதியம் முழுக்க நல்ல சில்லுகளைத் தள்ளியிருக்கிறேன்.

ஆஃப்செட்டைத் திருத்துவது பேக்கேஜுக்குப் பிறகுதான். அதற்கு ஓசியில் கிடைக்கும் அளவுகோல் பூமியின் ஈர்ப்பு. மேல்நோக்கி வைத்தால் 1.03 g (g என்பது பூமியின் ஈர்ப்பு முடுக்கம்), கவிழ்த்தால் −0.95 g என்று காட்டினால், இரண்டின் சராசரி 0.04 ஆஃப்செட், வித்தியாசத்தில் பாதி, 0.99, உணர்திறன். மூன்று அச்சுக்கும் இப்படி எடுத்துச் சில்லின் நினைவகத்தில் எழுதிவிடுங்கள்.

வாடிக்கையாளர் பலகையில் சால்டர் செய்யும்போது சூடு 250 டிகிரியை ஒட்டிப் போகும், ஆஃப்செட் மறுபடி கொஞ்சம் நகரும். அந்த நகர்வுக்கு உங்கள் வரம்பில் இடம் விடுங்கள். சென்சாரைத் திருகு துளைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்றும் அவர்களுக்கு எழுதிக் கொடுங்கள்.