பாசிக் கயிற்றில் பச்சை மயிர்: அந்தப் போத்தலைத் திறக்க வேண்டாம்

கேள்வி: நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து கடலில் பாசி வளர்க்கிறோம். மாரி மழைக்குப் பிறகு கயிறு முழுக்கப் பச்சை மயிர் மாதிரிப் படர்ந்துவிட்டது. பாசி எடுக்கிற தரகர், "இது தொற்றுநோய், உங்கள் பாசியே பச்சையாகிவிட்டது" என்று சொல்லி விலையைக் குறைக்கிறார். மருந்து என்று ஒரு போத்தலும் தந்திருக்கிறார், காசை அறுவடையில் கழிப்பாராம். மருந்தைப் போடலாமா?
– பூநகரிப் பக்கத்து வாசகி

தங்கச்சி, போத்தலைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்து, அந்தக் காசைக் கணக்கிலிருந்து வெட்டச் சொல்லுங்கள். அது முதல் வேலை.

உங்கள் கயிற்றில் இரண்டு பச்சை இருக்கிறது. தரகர் இரண்டையும் ஒன்றாக்கிக் கதைத்திருக்கிறார். நீங்கள் முடிச்சுப் போட்டு வளர்க்கிற விரல் தடிப்பான பாசி கப்பாபைக்கஸ். அது சிவப்புப் பாசி இனம். அதிலே கபிலமும் உண்டு, பச்சையும் உண்டு. பச்சை வகையில் சிவப்பு நிறமி குறைவு, அதனால் உள்ளே இருக்கிற பச்சையம் வெளியே தெரிகிறது. கறுத்தக்கொழும்பான் பழுத்தாலும் தோலில் பச்சை போகாது. அதைக் காய் என்று சொல்லி ஒருவர் விலை குறைத்தால் கொடுப்பீர்களா? தொழிற்சாலைக்கு வேண்டியது இந்தப் பாசியில் இருக்கிற கராகீனன் என்ற பசை. ஐஸ்கிறீமுக்கும் பற்பசைக்கும் போவது அதுதான். பாசி எத்தனை நாள் வளர்ந்தது, எவ்வளவு காய்ந்தது, மணலும் உப்பும் எவ்வளவு கலந்திருக்கிறது என்பவற்றைப் பார்த்துத்தான் அதன் தரத்தைச் சொல்லலாம். நிறத்தைக் காட்டி விலை வெட்டுவதை ஒப்புக்கொள்ள வேண்டாம்.

மற்றது அந்த மயிர். அதுதான் உண்மையான பச்சைப் பாசி. பெரும்பாலும் உல்வா குடும்பம். கல்லிலும் வள்ளத்தின் அடியிலும் மெல்லிய கீரை இலைபோல் ஒட்டியிருப்பதும், கயிற்றில் குழாய்போல் நீளுவதும் ஒரே இனத்துச் சொந்தக்காரர்தான். குழாய்போன்றதற்கு முன்பு என்ரெரோமோர்பா என்று தனிப்பெயர் இருந்தது. 2003இல் மரபணுவை ஆராய்ந்து, இரண்டும் ஒன்றே என்று லின்னேயஸ் 1753இல் வைத்த உல்வா என்ற பெயருக்குள் சேர்த்துவிட்டார்கள். பழைய பயிற்சிக் கைநூல்களில் இன்னும் இரண்டு பெயரும் தனித்தனியே கிடக்கிறது. திருத்தி அச்சிட யாருக்கும் நேரமில்லை. பயிற்சி என்று கூப்பிட்டு, சான்றிதழ் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் கயிற்றில் இது வந்த நாளில் கரைக்கு வருவதில்லை. அந்த இடைவெளியில்தான் போத்தல் விற்கிறவர் வருகிறார். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

மயிர் ஏன் மாரிக்குப் பிறகு வந்தது? பெரும்போகத்துக்கு வயலில் போட்ட பசளை மழையோடு கழுவுண்டு கடலுக்கு வருகிறது. கரையோரத் தண்ணீரில் உப்பும் குறைகிறது. கப்பாபைக்கஸ் அந்த நேரம் சோர்ந்து நிற்கும். உல்வா நல்ல தண்ணீர் கலந்தாலும் தாங்கும். அதன் இலை இரண்டு உயிரணுத் தடிப்புத்தான், குழாய் வகையின் சுவர் ஒரே உயிரணு. மேனி முழுக்கத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருப்பதால் பசளையை உங்கள் தடித்த பாசியைவிட வேகமாக உறிஞ்சிவிடும்.

இப்போது அந்தப் போத்தலை யோசியுங்கள். உள்ளே இருப்பது பசளைச் சத்து என்றால் முதலில் தின்னப் போவது உல்வா. காசு கொடுத்து மயிரை வளர்த்தவர்கள் ஆவீர்கள். மயில்துத்தம் மாதிரி எதுவும் என்றால் உங்கள் பாசியும் சாகும், பக்கத்தில் இறால் குஞ்சும் சாகும். கடலில் போட்ட மருந்து உங்கள் கயிற்றோடு நிற்காது, அடுத்த ஆளின் கயிற்றுக்கும் போகும். உள்ளடக்கம் எழுதாத எந்தப் போத்தலும் கடலுக்குள் போகக் கூடாது.

இனிக் கையால் செய்கிற வேலை. இதில் ஒரு பிழையை நான் திரும்பத் திரும்பக் காண்கிறேன்: மயிரைப் பிடுங்கி அந்த இடத்திலேயே கடலில் எறிவது. உல்வாவைக் கிழித்தால் அது இனம் பெருக்கத் தொடங்கும். இரண்டு மூன்று நாளில் அதன் ஓர உயிரணுக்கள் வித்துகளாக மாறி வெளியேறும். அவற்றுக்கு வாலும் உண்டு, சிலவற்றுக்கு இரண்டு, சிலவற்றுக்கு நான்கு. ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு அளவில், நீந்திப் போய் ஒட்ட இடம் தேடும். பக்கத்தில் இருப்பது உங்கள் கயிறு. வித்து விட்ட இலையின் ஓரம் வெளுத்து நைந்திருக்கும். அதைக் கண்டால் நீங்கள் பிந்திவிட்டீர்கள். பல கடல்களில் அமாவாசை, பறுவத்தை ஒட்டிய பெருக்கில்தான் இப்படி வித்து கூடுதலாக வெளியேறுவதைக் கண்டிருக்கிறார்கள். ஆகவே அதற்கு இரண்டு மூன்று நாள் முந்தியே துப்புரவு செய்துவிடுங்கள்.

இரண்டு மூன்று நாளைக்கு ஒருக்கால் கயிற்றைத் தூக்கி நன்றாக உதறுங்கள். கையோடு வருகிற மயிரை உரப்பையில் போட்டுக் கரைக்குக் கொண்டுவாருங்கள். வெயிலில் மெல்லியதாகப் பரப்பிக் காயவிடுங்கள். குவித்து வைத்தால் அழுகி, கூழ்முட்டை மணத்தோடு நச்சு வாயு வரும், பிள்ளைகளை அண்டவிட வேண்டாம். காய்ந்ததை மழையில் உப்புக் கழுவுப்பட விட்டுத் தென்னைக்குப் போடலாம், சாதாளை போடுகிற மாதிரித்தான். கயிறு தரையில் முட்டாமல் போத்தல் மிதவையைக் கூட்டுங்கள். பழைய கயிற்றைச் சில நாள் வெயிலில் காயவைத்துத் தேய்க்காமல் திரும்பக் கட்ட வேண்டாம்.

ஒன்றை மட்டும் வடிவாகக் கேளுங்கள். எல்லா மயிரும் பச்சைப் பாசி இல்லை. பாசியின் ஒரு கிளையை எடுத்துப் பெருவிரலால் அழுத்தித் தேயுங்கள். மயிர் வழுக்கிப் போய், கீழே தோல் வழவழப்பாக இருந்தால் உல்வா மாதிரியான பச்சைப் பாசி, கவலை இல்லை. மயிர் கறுத்தோ கபிலமாகவோ இருந்து, தேய்த்த இடத்தில் குளிருக்கு உடம்பு புல்லரித்தது போலப் புள்ளி புள்ளியாகத் தடித்திருந்தால் அது வேறு. அது நுண்ணிய சிவப்புப் பாசி. தோலுக்குள்ளே வேர்போல் இறங்கிவிடும், தேய்த்தால் போகாது. அப்படி ஒரு கயிறு கண்டால் நாள் எண்ணிக்கொண்டிருக்காமல் அந்தக் கயிற்றை முழுதாக அறுவடை செய்து காயவையுங்கள். அதிலிருந்து ஒரு துண்டுகூட விதைக்கு எடுக்கக் கூடாது. "நுனி நல்லாத்தானே இருக்கு" என்று மனம் சொல்லும், கேட்காதீர்கள். தரகர் கடனாகத் தருகிற விதைப் பாசியையும் கட்டுவதற்கு முன் இதே மாதிரித் தேய்த்துப் பாருங்கள். அந்தக் கறுத்த மயிர் பெரும்பாலும் விதைப் பாசியோடுதான் ஊருக்குள் வருகிறது. பச்சையோ கறுப்போ என்று நிழலில் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், வெள்ளைப் பீங்கானில் தண்ணீர் விட்டு அதில் போட்டுப் பாருங்கள்.

கிளை வெள்ளையாகி ஒடிந்தால் அது பெரும்பாலும் தண்ணீரின் உப்பும் சூடும் மாறிப் பாசி சோர்ந்ததால் வருவது. மயிரை மட்டும் அதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது. வெளுத்த துண்டை வெட்டி எடுத்துவிட்டுக் கொஞ்சம் ஆழமான இடத்துக்கு மாற்றுங்கள்.

கடைசியாக விலை. ஏறக்குறைய எட்டு முதல் பத்துக் கிலோ ஈரப் பாசி காய்ந்தால் ஒரு கிலோ வரும். இந்தக் கணக்கை ஐந்து பேரும் மனதில் வைத்திருங்கள். மயிரை நீக்கி, மணல் உதறி, தரையில் படாமல் வலையில் காயவைத்தால் கழிவு என்று வெட்ட அவருக்கு ஒன்றும் இருக்காது. அவருடைய தராசுக்கு முன்னால் உங்கள் தராசில் நிறுத்து, திகதியோடு கொப்பியில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.