அடி இறக்க ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் கசியுமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் கொழுந்து பறிக்கும் வேலை. வயது 54. நாலு வருஷமாக அடி இறக்கம் (கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை போன்றவை பிறப்புறுப்பு வழியே கீழே இறங்குவது). சாயங்காலமானால் உருண்டையாக வெளியே வந்துவிடும். விரலால் உள்ளே தள்ளினால்தான் சிறுநீர் போகிறது. ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள். ஆனால் அதே ஆபரேஷன் செய்துகொண்ட பக்கத்து வீட்டு அக்காவுக்கு இப்போது இருமினாலே கசிகிறது. முன்பு அது இல்லையாம். எனக்கும் அப்படி ஆகுமா?

பதில்: விரலால் தள்ள வேண்டியிருக்கிறது என்று கூச்சத்தை விட்டு எழுதினீர்களே, அது ரொம்ப நல்லது அம்மா. "அடி இறங்கியிருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் அதிகம். உங்கள் டாக்டரிடமும் இதை அப்படியே சொல்லுங்கள்.

அக்காவுக்கு ஆபரேஷன் பிசகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கேரட் தோட்டத்தில் ஓஸ் மடங்கிக்கொண்டால் தண்ணீர் வராது அல்லவா? சிறுநீர்ப்பை இறங்கும்போது, சிறுநீர் வெளியே வரும் குழாயான சிறுநீர்த் தாரையும் அப்படித்தான் மடங்குகிறது. தள்ளினால் உங்களுக்குப் போவது அதனால்தான். சிலருக்கு அந்தத் தாரையைத் தாங்கும் தசை ஏற்கெனவே தளர்ந்திருக்கும். மடிப்பு அதை மறைத்து வைத்திருக்கும். ஆபரேஷனில் மடிப்பு நிமிர்ந்ததும் கசிவு வெளியே தெரிகிறது.

எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. உங்களுக்கு வாய்ப்பு உண்டா என்று முன்பே ஓரளவு கண்டுபிடிக்கலாம். சிறுநீர் முட்டும்போது, இறங்கியதை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்வோம். சொட்டினால், ஆபரேஷனோடு சேர்த்தே தாரைக்கு அடியில் அதைத் தாங்க ஒரு நாடா வைக்கலாம், அல்லது பொறுத்திருந்து தேவைப்பட்டால் வைக்கலாம். சேர்த்து வைத்தால் கசிவு குறையும். ஆனால் சிலருக்குச் சிறுநீர் போவது தடைப்படும். லேசாகச் சொட்டுகிறவர்களுக்கு நான் பொறுத்திருக்கவே சொல்வேன். இந்த இருமல் சோதனையை நீங்களே கேட்டு வாங்குங்கள். சிறுநீர்ப் பரிசோதனை, சுகர், சிறுநீர் போன பிறகு பையில் எவ்வளவு தங்குகிறது என்ற ஸ்கேன் ஆகியவையும் வேண்டும்.

சிறுநீர் தங்குவதும், தள்ள வேண்டியிருப்பதும் ஆபரேஷனுக்குப் பின் பெரும்பாலும் சரியாகும். அடிக்கடி அவசரமாக வருவது பலருக்குக் குறையும், சிலருக்கு அப்படியே நிற்கும். அதற்கு மாத்திரை உண்டு. தோட்டத்தில் ஒதுங்க இடமில்லை என்று பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு, குளிருக்கு டீ மட்டும் நாலைந்து தடவை குடிப்பதும் இதைக் கூட்டும். அது உங்கள் தப்பல்ல. கழிப்பிடம் இல்லாதது நிர்வாகத்தின் தப்பு.

ஆபரேஷன் முடிந்ததும் ஓரிரு நாள் சிறுநீர் டியூப் இருக்கும். எடுத்த பிறகு சிறுநீர் சரியாகப் போகிறதா என்று பார்க்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள். அடைத்துக்கொண்டாலோ, எரிச்சலோடு குளிர்காய்ச்சல் வந்தாலோ அன்றே போய்க் காட்டுங்கள். இலை மூட்டை, விறகு, தண்ணீர்க் குடம் மூன்று மாதத்துக்கு வேண்டாம். விறகுப் புகையால் வரும் இருமலையும் மலச்சிக்கலையும் கவனியுங்கள். இரண்டும் தையலை இழுக்கும்.

அவசரப்பட வேண்டாம். ஆபரேஷனுக்கு மனம் வராவிட்டால், உள்ளே பொருத்தும் சிலிகான் வளையத்தை முதலில் போட்டுப் பார்க்கலாம்.

அக்காவிடமும் சொல்லுங்கள்: வாயு பிரியாமல் அடக்குவதுபோல அடித்தசையை இறுக்கி, பத்து எண்ணும்வரை பிடித்து விட வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து முறை, தினம் மூன்று வேளை. மூன்று மாதம் விடாமல் செய்தும் கசிந்தால் திரும்பப் போய்க் காட்டட்டும். துணி வைத்துக்கொண்டே காலம் தள்ள வேண்டியதில்லை.