நாலே பருவுக்கு இவ்வளவு கலக்கமா?

கேள்வி: தங்கைக்குக் கன்னத்தில் நாலைந்து பருதான். ஆனாலும் வெளியே வர மறுக்கிறாள், கண்ணாடி முன்னாடியே நிற்கிறாள். இது அவள் குணமா, நோயா?

பருவின் எண்ணிக்கையும் மனவேதனையும் சேர்ந்தே ஏறி இறங்குவதில்லை. முகம் முழுக்கப் பரு இருந்தும் இயல்பாகத் திரிபவர்கள் உண்டு, நாலுக்கே முடங்குபவர்களும் உண்டு. எளிதில் கவலைப்படும் சுபாவமும், எதிலும் குறை இருக்கக்கூடாது என்ற எண்ணமும் உள்ளவர்களுக்கு வலி அதிகம். "இதெல்லாம் ஒரு பருவா?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

குணத்தால் பரு வருவதில்லை. ஆனால் அந்தக் குணம் சிகிச்சையைக் கெடுக்கும். பருவுக்குப் பூசும் அடாபலீன் 0.1% ஜெல்லையே எடுத்துக்கொள்வோம். இரவில் முகம் கழுவி, நன்றாக உலர்ந்தபின், முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். தொடக்கத்தில் தோல் உரியும், பரு கூடியதுபோலவும் தெரியும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். பதற்றக்காரர்கள் மூன்றாம் வாரமே நிறுத்திவிட்டு வேறு கிரீமுக்குத் தாவுவார்கள். குறை பொறுக்காதவர்கள் இரட்டிப்பாகப் பூசி எரிச்சலாக்கிக்கொள்வார்கள். தினமும் கண்ணாடியில் தேடுவதை விட, நாலு வாரத்துக்கு ஒருமுறை அதே ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். (கர்ப்பமாக இருந்தால் அடாபலீன் வேண்டாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கிரீம் யாருக்குமே வேண்டாம்: முதலில் பளிச்சென்று தெரியும், பிறகு பரு கொத்துக்கொத்தாக வரும்.)

விரலால் நோண்டினால் தழும்பு விழும் வாய்ப்பு கூடும். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியை எடுத்துவிடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டி, சீழ் வைத்த பருமேல் ஹைட்ரோகொலாய்டு ஒட்டு (பருவை மூடி, கசிவை உறிஞ்சும் சிறு பிளாஸ்திரி) போட்டால் கை போகும்போது ஒட்டுதான் படும். அப்படியும் நோண்டாமல் இருக்க முடியவில்லை என்றால் அது பிடிவாதம் இல்லை. பழக்கத்தை மாற்றும் பயிற்சி தரும் உளவியலாளர் இருக்கிறார். திட்டினால் கூடத்தான் செய்யும்.

பிரிட்டனின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2018இல் வெளியான ஆய்வில், பரு என்று கண்டறியப்பட்ட முதல் ஆண்டில்தான் மனச்சோர்வின் அபாயம் மிக அதிகமாக இருந்தது. அதனால் "போகப்போகச் சரியாகும்" என்று காத்திருக்காதீர்கள். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் ஆர்வமில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் அன்றே. இந்தியாவில் 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் பேசலாம். முன்பு மனச்சோர்வு இருந்திருந்தால், கடுமையான பருவுக்குத் தரும் ஐசோட்ரெடினாயின் மாத்திரை தொடங்குமுன் தோல் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.