பைப், ஃபோர்க்: கேட்டதும் சொன்னதும்

பைப் என்பது ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) ஒரு முனையில் எழுத, இன்னொன்று மறுமுனையில் படிக்கும் குழாய்; எழுத ரைட், படிக்க ரீட். ஃபோர்க் என்பது ஒரு ப்ராசஸ் (பேரண்ட்) தன்னைப்போல் இன்னொன்றை (சைல்ட்) உருவாக்குவது.

கேள்வி: சைல்ட் ப்ராசஸ் எல்லாவற்றையும் படித்துவிட்டது. பேரண்டும் எழுதும் முனையை மூடிவிட்டது. ஆனாலும் ரீட் திரும்பாமல் நிற்கிறது.

பதில்: சைல்டிலும் எழுதும் முனையை மூடினீர்களா? ஃபோர்க் ஆனதும் இரண்டு முனைகளும் இரண்டு ப்ராசஸிலும் இருக்கும், ஆக மொத்தம் நான்கு. எழுதும் முனை எங்காவது ஒன்று திறந்திருந்தால்கூட, இன்னும் ஏதோ வரப்போகிறது என்றுதான் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நினைக்கும். ரீட் 0 (இனி எதுவும் வராது என்ற அடையாளம்) தராது. உங்கள் சைல்ட் தான் எழுதப்போவதற்காகத் தானே காத்திருக்கிறது. ஃபோர்க் முடிந்த கையோடு வேண்டாத முனையை மூடுங்கள்.

கேள்வி: பைப்பின் முனைகள் 0, 1 இரண்டில் எது எழுத?

பதில்: 1.

கேள்வி: "வணக்கம்", "நலமா" என்று இரண்டு ரைட். ஒரே ரீடில் ஒட்டிக்கொண்டு வருகிறது.

பதில்: வரும். பைப்பில் போவது வெறும் பைட் ஓட்டம், செய்திக்கு எல்லை கிடையாது. முதலில் நீளம், அப்புறம் செய்தி என்று அனுப்புங்கள். நீளம் பைட் கணக்கில் இருக்கட்டும்: யுடிஎஃப்-8இல் (எழுத்துகளை பைட்டாக மாற்றும் முறை) "வணக்கம்" 21 பைட். ரீட் கேட்டதைவிடக் குறைவாகவும் தரும், அதனால் முழுதாக வரும்வரை லூப்பில் படிக்க வேண்டும்.

கேள்வி: மூன்று சைல்ட் ஒரே பைப்பில் எழுதினால் கலந்துவிடுமா?

பதில்: ஒரு ரைட் பைப்_பஃப் (கலக்காமல் ஒரே மூச்சில் எழுதக்கூடிய உச்ச அளவு) அளவுக்குள் இருந்தால் கலக்காது, தாண்டினால் கலக்கலாம். லினக்ஸில் அது 4096 பைட். போசிக்ஸ் (யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரநிலை) உறுதி தருவது 512க்கு மட்டும்.

கேள்வி: தவறு. லினக்ஸில் 65536.

பதில்: அது பைப்பின் கொள்ளளவு. தொட்டி எவ்வளவு கொள்ளும் என்பது வேறு, ஒரே மூச்சில் எவ்வளவு ஊற்றலாம் என்பது வேறு.

கேள்வி: 10000 பைட் எழுதிப் பார்த்தேன், கலக்கவில்லையே!

பதில்: எத்தனை முறை? பைப் கிட்டத்தட்ட நிரம்பியிருக்கும்போது, மூன்று பேரும் முட்டிமோதும்போது எழுதிப் பாருங்கள். கலக்கலாம் என்றுதான் சொன்னேன், கலந்தே தீரும் என்று சொல்லவில்லை.

கேள்வி: எனக்கும் ரீட் நிற்கிறது.

பதில்: முதல் பதில்.

கேள்வி: பேரண்ட் வெயிட்பிட்டில் (சைல்ட் முடியும்வரை காத்திருக்கும் அழைப்பு) தொங்குகிறது. சைல்ட் 1 லட்சம் பைட் அனுப்புகிறது.

பதில்: அட, இது வேறு கதை! 65536இல் பைப் நிரம்பி சைல்ட் நிற்கிறது, அது முடியட்டும் என்று பேரண்ட் நிற்கிறது. முதலில் படியுங்கள், அப்புறம் வெயிட்.

கேள்வி: முனையை மூடிவிட்டேன், ஆனாலும் ரீட் நிற்கிறது.

பதில்: எந்த ப்ராசஸில் மூடினீர்கள்?

கேள்வி: பேரண்டில்.

பதில்: சைல்டில்?